கல்மண்டபத்திலிருந்து நேரலை

ஜானட் வேலைக்குச் சேர்ந்த அன்று அவளுக்குக் கம்ப்யூட்டரை அணைக்கக்கூடத் தெரியாது. ஃபேன் சுவிட்சைத் தட்டுவதுபோலத் தட்டி அணைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாள். மறுநாள் காலை அது நீலத் திரையில் என்னென்னவோ எழுதிக் காட்டிக்கொண்டு வெகுநேரம் அடம்பிடித்தது. கடைக்காரர் தண்டபாணி தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதை எப்படிச் சரிசெய்வது என்று அவருக்கும் தெரியாது.

அது 1999. சென்னை ராயபுரத்தின் கல்மண்டபம் பகுதியில் அதுவரை எஸ்.டி.டி. பூத் நடத்திக்கொண்டிருந்த தண்டபாணி, இருந்த ஒரே டெலிபோன் லைனில் ஐந்து கம்ப்யூட்டர்களை மாட்டி, 'பிரவுசிங் சென்டர்' என்று புதுப் பலகை வைத்திருந்தார். துறைமுகத்தில் இறங்கிய கப்பல்காரர்கள் வீட்டுக்கு மெயில் அனுப்ப வருவார்கள். பரீட்சை முடிவு வெளியாகும் நாட்களில் பள்ளிப் பிள்ளைகள் வாசல்வரை நிற்பார்கள். வருகிறவர்களை உட்காரவைத்து, நேரம் பார்த்து எழுப்பிவிடுவதுதான் ஜானட்டின் வேலை. பிளஸ் டூ முடித்துவிட்டு, தபால் வழியில் பி.காம். படித்துக்கொண்டிருந்தாள்.

அவள் அப்பா இன்னாசி துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர். அம்மா எல்சி கான்வென்ட் பள்ளியில் ஆயா. மாதா கோயிலுக்குப் பின்னால் இருக்கும் சந்தில் வீடு. ஷிப்ட் முடிந்தால் இன்னாசி நேராக கேரம் மன்றத்துக்குப் போய்விடுவார். காசிமேட்டிலிருந்து வியாசர்பாடிவரை எந்த மன்றத்தில் எந்தப் பலகை எவ்வளவு வழுக்கும், எந்த மூலையில் காய் நின்று யோசிக்கும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. ஆடுவதில் அவர் பெரிய ஆள் இல்லை. ஆனால் அடுத்தவர் ஆட்டத்தைப் பக்கத்தில் நின்று பார்த்துப் பேசுவதில் அவரை மிஞ்ச ராயபுரத்தில் ஆள் கிடையாது.

ஒரே லைனில் ஐந்து மிஷின் ஓடினால் என்ன ஆகும்? ஒரு பக்கம் திறப்பதற்குள் டீ ஆறிவிடும். முதலில் எழுத்து வரும், அப்புறம் படம் மேலிருந்து ஷட்டர் இறங்குவதுபோல இஞ்ச் இஞ்ச்சாக இறங்கும். வாடிக்கையாளர்கள் ஜானட்டிடம்தான் சண்டை பிடித்தார்கள். அவள் வேறொன்றைக் கவனித்தாள். சில பக்கங்கள் மட்டும் இந்த நொண்டி லைனிலும் சட்டென்று வந்து நின்றன. அது ஏன்?

ஒரு மத்தியானம் கடையில் ஆள் இல்லாதபோது மௌஸின் வலது பட்டனை அழுத்தினாள். வந்த பட்டியலில் 'வியூ சோர்ஸ்' என்று ஒரு வரி இருந்தது. அதைத் தட்டியதும் பக்கம் மறைந்து அதன் எலும்புக்கூடு தெரிந்தது. எங்கே எழுத்து, எங்கே படம், எங்கே நிறம் என்று எல்லாவற்றையும் கோணல் அடைப்புக்குறிகளுக்குள் சொல்லிவைத்திருந்தார்கள். அதை ஒரு பிளாப்பியில் சேமித்து, ஒரு வார்த்தையை மாற்றித் திறந்து பார்த்தாள். திரையிலும் மாறியது. இன்னொன்றை மாற்றினாள். பக்கமே சிதறியது. அதை மறுபடி ஒட்டவைக்க அவளுக்கு இரண்டு நாள் பிடித்தது. அந்த இரண்டு நாளில்தான் அவள் வெப் டெவலப்பர் ஆனாள் என்று சொல்ல வேண்டும், அந்த வார்த்தை அவளுக்கு அப்போது தெரியாவிட்டாலும்.

அப்புறம் பிளாப்பிகள் பெருகின. கனமான படத்தை எப்படி இளைக்கவைப்பது, ஒரே நிறத்துக்குப் படம் தேவையில்லை, வெறும் எண்ணே போதும் என்பதெல்லாம் ஒவ்வொன்றாகப் பிடிபட்டது. அவள் கட்டிய பக்கங்களுக்கு ஒரு குணம் இருந்தது. தண்டபாணி கடை லைனிலும் அவை ஓடும். அங்கே ஓடினால் உலகத்தில் எங்கேயும் ஓடும் என்பது அவள் கணக்கு.

முதல் வாடிக்கையாளர், கப்பல்களுக்குக் காய்கறி, அரிசி, கயிறு என்று சப்ளை செய்த ஒரு வியாபாரி. தினமும் ஃபேக்ஸ் அனுப்பச் சொல்லி தண்டபாணியிடம் வருபவர். தான் சப்ளை செய்யும் சாமான்களை ஒரு பக்கமாகப் போட்டு வைத்தால் எந்தக் கப்பலில் இருந்தும் பார்க்கலாமே என்று ஜானட் சொன்னதை அவர் சிரித்துக்கொண்டே கேட்டார். "போட்டுதான் வையேன், பாப்போம்" என்றார். போட்டு வைத்தாள். கொழும்பிலிருந்து சென்னைக்குக் கிளம்ப இருந்த கப்பலின் சமையல் பொறுப்பாளர் அந்தப் பக்கத்தைப் பார்த்து ஒரு நாள் மெயில் அனுப்பினார். இவ்வளவு உருளைக்கிழங்கு, இவ்வளவு முட்டை, புதினா கட்டாயம் வேண்டும் என்று. வியாபாரி அந்த மெயிலை அச்செடுத்து, கண்ணாடிச் சட்டம் போட்டுக் கடையில் மாட்டினார். வருகிறவர்களிடமெல்லாம் "இன்னாசி பொண்ணு புடிச்சிக் குட்த்த கப்பலு" என்று காட்டினார்.

2001-இல் பி.காம். முடிந்தது. மவுண்ட் ரோடு பக்கம் ஒரு கம்பெனியில் வெப்சைட் கட்ட ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனாள். செய்து காட்டச் சொன்னதைச் செய்து காட்டினாள். பக்கத்தைப் பார்த்தவர்களுக்குப் பிடித்திருந்தது. அப்புறம் ஒருவர் பேச்சுக் கொடுத்தார். அவள் தமிழிலும் ராயபுரம் இருந்தது, ஆங்கிலத்திலும் ராயபுரம் இருந்தது. "ஒர்க் நல்லா இருக்கு. கம்யூனிகேஷன்தான் இன்னும் கொஞ்சம் வரணும்" என்று சொல்லி அனுப்பினார்கள். பஸ்ஸில் வரும்போது முதலில் அழுகை வந்தது. பாரிஸ் கார்னர் தாண்டியதும் கோபம் வந்தது. இறங்குவதற்குள் இரண்டும் அடங்கி, ஒரு முடிவு இருந்தது.

"நான் வேலைக்குப் போலே நைனா. சொந்தமா செய்யப் போறேன்" என்றாள் அப்பாவிடம்.

"கம்பேனி இல்லாம இன்னா வேலைமே அது?"

"ஃப்ரீலான்ஸ்னு சொல்றாங்க. நம்ம லாரிக்காரங்கோ சொந்த வண்டி ஓட்டிக்கினு, யாரு லோடு குட்த்தாலும் ஏத்தறாங்கோ இல்ல? அது மாரி."

இன்னாசி யோசித்தார். "அப்டின்னா வண்டி நல்ல கண்டிஷன்ல கீதான்னு மட்டும் பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டு மன்றத்துக்குக் கிளம்பினார். அதுதான் அவருடைய சம்மதம்.

தண்டபாணி தன் கடையின் ஓரத்து மிஷினை அவளுக்கென்று ஒதுக்கினார். கடையை அவள் பார்த்துக்கொள்வாள், மிஷின் அவளுடையது. அவ்வளவுதான் ஒப்பந்தம். அங்கே உட்கார்ந்தபடி அடுத்த சில வருடங்களில் அவள் செய்த வேலைகள் பலதரப்பட்டவை. காசிமேட்டு வலை வியாபாரிக்கு ஒன்று. ஐஸ் ஃபேக்டரிக்கு ஒன்று. எண்ணூர் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்துக்கு, எந்தத் தேதி காலி என்று பார்க்கும் வசதியுடன் ஒன்று. வெறும் பக்கம் காட்டினால் போதாது, பக்கம் யோசிக்கவும் வேண்டும் என்று வந்தபோது பி.எச்.பி. என்ற நிரல்மொழி கற்றாள். பின்னால் தகவலைச் சேர்த்துவைக்க டேட்டாபேஸ் கற்றாள். திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டில், எந்தப் பெட்டி எந்த வரிசையில் எத்தனையாவது அடுக்கில் நிற்கிறது என்று ஆபீசில் உட்கார்ந்தபடியே பார்க்கும்படி செய்துகொடுத்தாள். அதுவரை பெட்டியைத் தேடி வெயிலில் நடந்துகொண்டிருந்த சூப்பர்வைசர்கள் அவளைப் பார்த்தால் எழுந்து நாற்காலி போட்டார்கள்.

அவளை அதிகம் படுத்தியது தமிழ். ஒவ்வொரு தளமும் ஒவ்வொரு ஃபான்ட் வைத்திருந்த காலம். இங்கே தமிழாகத் தெரிவது அடுத்த மிஷினில் புரியாத கிறுக்கலாகத் தெரியும். எல்லா மிஷினுக்கும் பொதுவான யூனிகோட் வந்ததும் அவள் உடனே அதற்கு மாறினாள். பழைய மிஷின் வைத்திருப்பவர்களுக்குக் கட்டம் கட்டமாகத் தெரிகிறது என்று புகார் வரும். ஒவ்வொருவருக்கும் பொறுமையாகப் பதில் எழுதுவாள், இதை இப்படி மாற்றுங்கள், அந்த ஃபான்ட்டை இப்படிப் போடுங்கள் என்று.

2005 முடியும் தறுவாயில் எத்திராஜ் கடைக்கு வந்தார். அவர் இன்னாசி போகும் கேரம் மன்றத்தின் செயலாளர்.

"ம்மா ஜானட், பிப்ரவரில நம்ம மன்றம் பெரிய டோர்னமென்ட் ஒண்ணு வைக்குது. சிலோன், மாலத்தீவு, சுவிஸ்ஸு, கனடா, அல்லா எடத்துலேந்தும் ஆளு வருது. வெப்சைட் இருந்தாத்தான் வெளிநாட்டுக்காரன் நம்புவானாம். ஒண்ணு போட்டுக் குடு."

"போட்ரலாம்ணா. ஆனா சும்மா தேதியும் அட்ரஸும் போட்டு இன்னா பிரயோஜனம்? ஆட்டம் நடக்கச்சொல்லோ ஒவ்வொரு போர்டும் முடிய முடிய ஸ்கோரு போட்டுக்கினே வந்தா?"

"டிவி மாரியா?"

"எழுத்துல டிவி."

எத்திராஜுக்கு முழுதாகப் புரியவில்லை. ஆனாலும் "செய்யி" என்றார்.

தளம் தயாரானது. நடுவர்கள் பக்கத்தில் ஒரு மிஷின். அதில் ஒரு சின்னக் கட்டத்தில் எண்களைப் போட்டு அழுத்தினால் போதும், உலகம் பூராவும் ஸ்கோர் மாறிவிடும். பார்க்கிறவர்கள் எதையும் அழுத்த வேண்டாம், பக்கம் தானே புதுப்பித்துக்கொள்ளும். டொராண்டோவில் கேரம் சங்கம் நடத்தும் ஈழத்தமிழர் குகதாசன் என்பவர் முதல் ஆளாக மெயில் எழுதினார், வழக்கம்போல் கட்டம் கட்டமாகத் தெரிகிறது என்று. ஜானட் வழி எழுதி அனுப்பினாள். மறுநாள் அவரிடமிருந்து போனே வந்துவிட்டது.

"தங்கச்சி, இப்ப வடிவாத் தெரியுது. எங்கட ஆக்கள் கனபேர் பாக்கக் காத்துக்கொண்டு இருக்கினம். இஞ்ச வெளியில சரியான பனி. வீட்டுக்குள்ள இருந்து பாக்க உங்கட ஆட்டம்தான் இருக்கு" என்றார்.

போட்டி ராயபுரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. மண்டபத்துக்கென்று தற்காலிகமாக ஒரு டெலிபோன் லைன் வாங்கி இன்டர்நெட் போட்டிருந்தார்கள். முதல் நாள் ஒரு குறையும் இல்லை. ஸ்கோர் வரிசையாக ஏறியது. இறுதிநாள் பெண்கள் பிரிவு இறுதி ஆட்டத்துக்கு வியாசர்பாடிப் பெண் செங்கொடி வந்திருந்தாள். அவள் அப்பா மூலக்கொத்தளம் பக்கம் மீன்பாடி வண்டி மிதிப்பவர். வீட்டில் பலகை கிடையாது. தெருமுனை மன்றத்தில் ஆண்கள் ஆடி முடித்த பிறகு கிடைக்கும் நேரத்தில் ஆடி ஆடியே இவ்வளவு தூரம் வந்தவள். எதிரே கொழும்பிலிருந்து வந்த நடப்பு சாம்பியன்.

ஆட்டம் தொடங்க இருந்த நேரத்தில் வெளியே ஒரு சத்தம். துறைமுக வாசல் வரிசையில் நிற்கப் பொறுமையில்லாத கன்டெய்னர் லாரி ஒன்று குறுக்கு வழி தேடி மண்டபத் தெருவுக்குள் நுழைந்துவிட்டது. மேலே தொங்கிய கம்பிகள் பெட்டியின் மூலையில் மாட்டிக்கொள்ள, அது பாட்டுக்கு இழுத்துக்கொண்டு போயிற்று. கேபிள் டிவி, டெலிபோன் எல்லாம் சேர்ந்து தெருவில் விழுந்து கிடந்தன. மண்டபத்தில் விளக்கு எரிந்தது, விசிறி ஓடியது. ஜானட்டின் திரை மட்டும் அசையாமல் நின்றது.

எத்திராஜ் ஓடி வந்தார். "இன்னாம்மா, பூட்சா?"

"லைன் பூட்சிணா."

"ஆட்டத்த நிறுத்தி வைக்கட்டா?"

"வேணாம். ரெண்டு பேரும் மனசுல ஆட்டத்த வெச்சிக்கினு குந்திகினு கீறாங்க. அவங்கள ஒண்ணும் பண்ணாதீங்க. உங்க செல்லை மட்டும் குடுங்க."

சுற்றிலும் பார்த்தாள். முதல் வரிசையில், பலகையின் விளிம்பு தெரியும் தூரத்தில் இன்னாசி உட்கார்ந்திருந்தார். செல்போனை அவர் கையில் வைத்தாள். "நைனா, நான் தண்டபாணி அண்ணன் கடைக்குப் போறேன். அங்கேந்து இதுக்கு போன் பண்றேன். நீ பாக்கறத அப்டியே சொல்லிக்கினே இரு. மெதுவாச் சொல்லு, ஆடறவங்களுக்குக் கேக்கக் கூடாது."

"அதான் நான் எப்பவும் செய்யறது, ஆளுக்கு ஆளு திட்டுவாங்கோ" என்றார் இன்னாசி. "இன்னிக்கிதான் கூப்ட்டு குந்தவெச்சிருக்க."

மண்டபத்திலிருந்து கல்மண்டபம் பக்கம்தான். எத்திராஜின் ஸ்கூட்டர் அவளைக் கொண்டுபோய் இறக்கியது. தண்டபாணி விஷயத்தைக் கேட்டவுடன், உள்ளே உட்கார்ந்திருந்தவர்களை எல்லாம் எழுப்பினார். "லைன் பூரா அதுக்கு வேணும். அல்லாரும் அப்பால வாங்க, காசு வாணாம்" என்றார். எழுந்தவர்கள் போகவில்லை. என்ன நடக்கிறது என்று ஓரத்து மிஷினைச் சுற்றி நின்றுவிட்டார்கள்.

கடைக்கு அதற்குள் பிராட்பேண்ட் வந்திருந்தது, நெட் ஓடும்போதே போனும் பேசலாம். கடை போனிலிருந்து அழைத்து, ரிசீவரைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு ஜானட் கைகளைக் கீபோர்டில் வைத்தாள். மண்டபத்தில் இருந்தபோது வெறும் எண்கள் போதுமாக இருந்தன. இப்போது ஆட்டம் பாதியில் விட்டுப்போய்விட்டது, பார்க்கிறவர்களுக்கு என்ன நடந்தது என்று சொல்ல வேண்டும். ஸ்கோர் கட்டத்துக்குக் கீழே இன்னொரு கட்டத்தைச் சேர்த்தாள். பழகிய கை, நிமிடத்தில் வேலை முடிந்தது. இன்னாசி சொல்லச் சொல்ல அவள் நல்ல தமிழில் மாற்றி அடித்தாள். 'செங்கொடி அடித்த வெள்ளைக் காய் வலது மூலைக் குழியில் விழுந்தது.' அதை அடித்து முடிப்பதற்குள் அப்பா மூன்று அடி முன்னே போய்விட்டார்.

"நைனா, கொஞ்சம் நில்லு."

"ஆட்டம் நிக்கலியேமே! நான் எப்டி நிக்கிறது?"

நியாயமான பேச்சு. மாற்றிக்கொண்டிருக்க நேரமில்லை. ஜானட் மாற்றுவதை நிறுத்தினாள். நடுச் சிவப்புக் காயை அவர் 'ரெட்டு' என்பதுவரை, காதில் விழுந்ததை விழுந்தபடியே அடித்தாள்.

'சிலோன் பொண்ணு ரெட்ட தொட்டுப் பாத்துச்சி, மாட்ல. ஓரமா பூட்சி.'

'செங்கொடி குந்திகினு கீறா, மூஞ்சி கல்லு மாரி கீது.'

'தோ அட்ச்சா பாரு ஒரு டபுளு! அந்த சைடு சொவத்துல மோதி இந்த சைடு பாக்கெட்ல குதிச்சிச்சி. காயா அது, பெர்ம்பூர் லோக்கல் ட்ரெயினு.'

திரைக்கு முன்னால் நின்றிருந்த கூட்டம் சிரித்தது. ஒருவர் "இத்த அப்டியேவா போட்ற?" என்று கேட்டார். ஜானட் தலையை மட்டும் ஆட்டினாள். விரல்கள் ஓடிக்கொண்டிருந்தன.

பக்கத்தின் அடியில், பார்க்கிறவர்கள் எழுத ஒரு இடம் வைத்திருந்தாள். முதல் நாள் அங்கே நாலைந்து வாழ்த்துகள் மட்டும் வந்திருந்தன. இப்போது அது நகரத் தொடங்கியது. துபாயிலிருந்து ஒருவர்: 'யாருப்பா இது எழுதறது? எங்க அண்ணன் பக்கத்துல குந்திகினு பேசற மாரியே கீது.' குவைத்திலிருந்து ஒருவர்: 'ஆபீஸ்ல சிரிச்சி மாட்டிக்கினேன்.' குகதாசன்: 'தங்கச்சி, எங்களுக்குப் பாதிச் சொல்லு விளங்கேல்ல, ஆனா ஆட்டம் முழுக்க விளங்குது. நிப்பாட்டிப் போடாதேங்கோ.' படித்தவர்கள் நண்பர்களுக்கு அனுப்பினார்கள். அவர்கள் இன்னும் சிலருக்கு அனுப்பினார்கள்.

முதல் கேம் கொழும்புப் பெண்ணுக்கு. இரண்டாவது கேம் செங்கொடிக்கு. மூன்றாவது தொடங்கியபோது பக்கம் திறக்கத் தாமதமாயிற்று. ஜானட் புதுப்பித்துப் பார்த்தாள். வெள்ளைத் திரை. மறுபடி அழுத்தினாள், வந்தது, அதுவும் பாதி. அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. ஒவ்வொரு பார்வையாளரும் பக்கம் கேட்கும்போது, சர்வர் டேட்டாபேஸைத் திறந்து எல்லாவற்றையும் கூட்டிச் சேர்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தது. பத்துப் பேருக்கு அது சரி. இப்போது வந்திருந்த கூட்டத்துக்கு ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக அடுப்பு மூட்டிச் சமைத்துப் போட முடியுமா?

ஒரே அண்டாவில் ஆக்கி வைத்துவிட வேண்டும். அவள் ஒரு வரி அடிக்கும்போது மட்டும் பக்கம் ஒருமுறை தயாராகி, சாதாரணக் கோப்பாக உட்கார்ந்துகொள்ளட்டும். வருகிறவன் அதை எடுத்துக்கொண்டு போகட்டும், டேட்டாபேஸ் பக்கம் யாரும் போகக்கூடாது. செய்யத் தெரியும். ஆனால் ஆட்டம் நடந்துகொண்டிருக்கிறதே!

"அண்ணா, நீங்க போனப் புடிங்க. நைனா சொல்றத அந்தப் பேப்பர்ல எழுதிக்கினே வாங்க" என்று ரிசீவரைத் தண்டபாணியிடம் கொடுத்தாள். அவர் எழுத, இவள் நிரலைத் திறந்தாள். மேலே இருந்த மன்றத்தின் படத்தை எடுத்து எறிந்தாள். விளம்பரப் பட்டை, பின்னணி நிறம், எல்லாம் போயிற்று. எழுதுகிற வரிகளைச் சேர்த்து ஒரே கோப்பாக ஆக்கும் துண்டை எழுதினாள். ஒரு அரைப்புள்ளி விட்டுப்போய் முதல் முறை பிழை காட்டியது. அரைப்புள்ளியைப் போட்டாள். அழுத்தினாள்.

பக்கம் சொடக்குப் போடுவதற்குள் வந்து நின்றது. வெறும் எழுத்து, வெறும் எண். மறுபடி அழுத்தினாள். அதே வேகம். ரிசீவரை இடுக்கியபடியே தண்டபாணி பக்கத்து மிஷினிலும் திறந்து பார்த்தார். "கில்லி மாரி வருதும்மா!" என்றார்.

விட்டுப்போன அடிகளை அவர் எழுதிய தாளைப் பார்த்து மளமளவென்று அடித்துச் சேர்த்தாள். தண்டபாணியின் கையெழுத்து கோழி கிளறியதுபோல் இருந்தாலும் ஆட்டம் புரிந்தது. ரிசீவரைத் திரும்ப வாங்கிக் காதில் வைத்தபோது இன்னாசியின் குரல் இறங்கிக் கிசுகிசுப்பாகியிருந்தது.

"கடேசி போர்டுமே. ரெண்டு பேருக்கும் கிட்டக் கிட்ட கீது. ரெட்ட யாரு போட்டாலும் அவங்கதான்."

ஜானட் அடித்தாள்: 'கடேசி போர்டு. ரெட்ட யாரு போட்டாலும் அவங்கதான்.'

"சிலோன் பொண்ணு நல்லாத்தான் ஆட்து. பொய் சொல்லக் கூடாது. வுட்ட காயி ஒண்ணுதான், அதுவும் மயிரிழ."

அடித்தாள்.

"இப்ப நம்ம பொண்ணு. ரெட்டு நட்ட நடுவுல கீது. அதுக்குப் பின்னால ரெண்டு கருப்பு காவலு நிக்குது. நேரா அட்ச்சா ஆவாது. இன்னா பண்ணப் போறாளோ... ஸ்ட்ரைக்கர இந்தாண்ட தள்றா. அந்தாண்ட தள்றா. ஐயோ, பின்னால அடிக்கப் போறாளா?"

அப்புறம் போனில் சத்தமே இல்லை. ஜானட்டின் விரல்கள் காற்றில் நின்றன. பிரவுசிங் சென்டரில் இருந்த அத்தனை பேரும் அந்தக் கருப்பு ரிசீவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஒரு 'டக்'. அதற்குப் பின் மண்டபம் மொத்தமும் கத்துவது கேட்டது. அதற்குள் இன்னாசியின் குரல் முங்கி முங்கி எழுந்தது. "ரெட்டு உள்ள! ரெட்டு உள்ள! இரு, இரு, கூடவே ஃபாலோவா அவ கடேசி காயும் போடணும்... ஃபாலோவும் போட்டா! போட்டாமே போட்டா, நம்ம செங்கொடி!"

ஜானட் அதை அப்படியே அடித்தாள். 'போட்டாமே போட்டா, நம்ம செங்கொடி!' அழுத்தினாள். கடையில் நின்றிருந்தவர்கள் ஒருவரையொருவர் தோளில் அடித்துக்கொண்டார்கள். மெயில் பார்க்க வந்து எழுப்பிவிடப்பட்ட ஒரு பிலிப்பைன்ஸ் கப்பல்காரர், என்ன ஏது என்று தெரியாமலே கைதட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தின் அடியில் வாழ்த்துகள் மழைபோல் கொட்டின. எந்த ஊர், எந்த நாடு என்று படிப்பதற்குள் மேலே போய்விட்டன. பக்கம் ஒருமுறைகூடத் தடுமாறவில்லை.

மண்டபத்துக்கு அவள் திரும்பிப் போனபோது செங்கொடியைத் தோளில் தூக்கிவைத்துக்கொண்டிருந்தார்கள். எத்திராஜ் மைக்கைப் பிடித்து, "கம்பி அறுந்தும் ஆட்டத்த உலகம் பூரா அனுப்பிச்ச நம்ம இன்னாசி பொண்ணு ஜானட்டு வந்துருக்கு" என்று அறிவித்தார். கைதட்டலில் முகம் சிவந்து அவள் தூணுக்குப் பின்னால் ஒதுங்கப் பார்த்தாள். செங்கொடி விடவில்லை. கீழே இறங்கி வந்து, அவள் கையைப் பிடித்துத் தன் பக்கத்தில் நிறுத்திக்கொண்டாள்.

"உன் பேஜ்ல நான் எப்டிக்கா இருந்தேன்?" என்று கேட்டாள்.

"மூஞ்சி கல்லு மாரி கீதுன்னு போட்டேன்."

செங்கொடி விழுந்து விழுந்து சிரித்தாள். "உள்ள வவுறு கலக்கிச்சி, அத்தப் போட்லியா?"

அந்த வாரமே குகதாசன் போன் செய்தார். டொராண்டோ சங்கத்தின் வருடாந்திரப் போட்டிகள், ஆட்டக்காரர் தரவரிசை எல்லாவற்றுக்கும் அவளே தளம் கட்டித் தர வேண்டும் என்றார். நீண்ட நேரம் பேசினார். இவள் அவளுடைய தமிழில் பேசினாள், அவர் அவருடைய தமிழில் பேசினார். புரியாத இடத்தில் இருவரும் சிரித்துவிட்டு வேறு வார்த்தை தேடினார்கள். அவர் சொல்லி லண்டனிலிருந்து ஒரு சங்கம் வந்தது. சூரிக்கிலிருந்து ஒன்று வந்தது, அவர்களிடம் மெயிலில் எளிய ஆங்கிலம் போதுமாக இருந்தது. கேரம் உலகத்தில் ஒரு போட்டி என்றால் ஸ்கோர் போடுவது ராயபுரத்துப் பெண்தான் என்று ஆயிற்று. கேரம் கடந்தும் வேலை வந்தது. அவசரத்தில் அன்று எழுதிய அந்தத் துண்டை அவள் நிதானமாக மெருகேற்றி வைத்திருந்தாள். திடீர்க் கூட்டம் வந்தாலும் விழாத தளம் வேண்டும் என்று கேட்டவர்களுக்கெல்லாம் அது பயன்பட்டது. இரண்டு வருடத்தில் தண்டபாணி கடையின் மாடி முழுவதும் அவளுடையது. அவளோடு அங்கே வேலை செய்தவர்களில் வியாசர்பாடியிலிருந்து வந்த எழில்மொழி என்ற பெண்ணும் ஒருத்தி. பக்கங்களின் டிசைன் எழில்மொழியின் பொறுப்பு.

2008-இல் பாரிஸுக்கு வெளியே ஒரு ஊரில் தமிழர்களும் பிரெஞ்சுக்காரர்களும் சேர்ந்து பல நாட்டு அணிகள் ஆடும் ஒரு போட்டி வைத்தார்கள். ஸ்கோரை அரங்கின் பெரிய திரையிலேயே காட்ட வேண்டும், ஜானட் நேரில் வந்தால் நல்லது என்றார்கள். பாஸ்போர்ட்டுக்காக விசாரிக்க ஸ்டேஷனிலிருந்து ஏட்டு ஒருவர் வீட்டுக்கு வந்தார். எல்சி அவருக்குக் காபி கொடுத்தாள்.

"பொண்ணு இன்னா வேலை செய்துமா?" என்றார் ஏட்டு.

எல்சி கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னாள். "எங்கியோ கீறவங்களுக்கு எங்கியோ நடக்கறத, பக்கத்துல இருந்து பாக்கற மாரி செஞ்சி குடுக்குதுங்க."

"அதுக்கு பேரு இன்னா?"

"பேரு வந்து... ஜானட்டு" என்றாள் எல்சி.

ஏட்டு சிரித்துவிட்டு, எழுத வேண்டியதை எழுதிக்கொண்டு போனார்.

பாரிஸில் குளிர் கொன்றது. குகதாசன் கனடாவிலிருந்து வந்திருந்தார். போட்டோவில்கூட முகம் பார்த்திராத இருவரும் குரலை வைத்தே அடையாளம் கண்டுகொண்டார்கள். இந்திய அணியில் செங்கொடி இருந்தாள், இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு விரல்களைத் தேய்த்துச் சூடேற்றிக்கொண்டிருந்தாள். அரங்கின் பின்புறத்தில் ஜானட்டுக்கு ஒரு மேஜை. வயர்களை அவளே செருகினாள். லைனைச் சோதித்தாள். அது அறுந்தால் என்ன, மாற்றும் அறுந்தால் என்ன என்று இரண்டு மாற்று வழி தயாராக வைத்திருந்தாள்.

நடுவர் கை உயர்த்தினார். முதல் காய் விழுந்தது. ஜானட் அடித்து அழுத்தினாள். அரங்கில் இருந்த முந்நூறு தலைகளும் ஒரே சமயத்தில் பலகையை விட்டுத் திரையைப் பார்த்து நிமிர்ந்தன.